அபஸ்வரம் ஜாஸ் கோஷ்டியும் என் வயிற்றெரிச்சலும்

பாலாற்றுக்கு இந்தக் கரையிலும் சரி, அந்தக் கரையிலும் சரி, சங்கீதத்தை அவரைப் போலக் கொலை செய்தவர் கிடையாது. கொலையும் செய்துவிட்டு அவரைப் போலக் கைதட்டு வாங்கியவரும் கிடையாது. முதல் விஷயத்தை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். இரண்டாவதை மன்னிக்க இன்னும் மனசு வரவில்லை.

அறுபதுகளின் கடைசி. நான் பகலில் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு ஜவுளிக்கடையில் புடவை பிரித்துக் காட்டுகிறவன். முகூர்த்த நாளென்றால் பேண்டு செட்டில் முதல் கிளாரினெட். சிவப்புக் கோட்டு, தோளில் ஜரிகைக் குஞ்சம், தலையில் தொப்பி. மாப்பிள்ளை அழைப்பில் நான் ஒரு சினிமாப் பாட்டை எடுத்தால் ரேடியோவைத் திறந்துவிட்ட மாதிரி இருக்கும் என்று ஊரே சொல்லும். ஊர் சொல்ல மறந்த நாட்களில் நானே சொல்லிக்கொள்வேன். அப்படிப்பட்ட என்னை, வாழ்நாளில் ஒரு பாட்டைக்கூட உருப்படியாக முடிக்காத மனிதர் ஒருவர் ஓரங்கட்டினார் என்றால் பொறாமை வருமா வராதா? வந்தது. சோறு இறங்காத அளவுக்கு வந்தது.

அவர் சாயக்காரர். வேகவதி ஆற்றோரம் அவருடைய சாயப்பட்டறை. நெசவுக்குப் போகிற பட்டு நூலுக்கெல்லாம் அங்கேதான் நிறம் ஏறும். முழங்கை வரை அவருக்குச் சொந்த நிறம் என்று ஒன்று கிடையாது. ஒரு வாரம் அரக்கு, மறு வாரம் மயில்கழுத்து, அதற்கடுத்த வாரம் மாம்பழ மஞ்சள். ஐப்பசிக் கல்யாணங்களுக்கு எந்தக் கலர் ஓடும் என்று எங்கள் கடை முதலாளி அவர் கையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். கல்யாணம் ஆகாத மனிதர். வாயில் எப்போதும் வெற்றிலை. இப்படிப்பட்டவர் கையில் ஒரு சாக்ஸபோன் எப்படி வந்து சேர்ந்தது என்று கேட்பீர்கள்.

கச்சாப் பட்டு மூட்டைகள் ரயிலில் அரக்கோணத்துக்கு வரும். அவற்றை எடுக்க இவர்தான் போவார். பார்சல் ஆபீஸ் திறக்கிறவரைக்கும் பக்கத்து ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசலில் உட்கார்ந்திருப்பார். அந்த வீட்டில் ஒரு ஆங்கிலோ இந்திய ரயில் கார்டு இருந்தார். சாயங்காலமானால் கிராமபோனில் ஜாஸ் வைப்பார். கூடவே சாக்ஸபோனும் ஊதுவார். நம்மாள் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்பார். கார்டு குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியபோது, இத்தனை வருஷம் கேட்டருகில் நின்ற ஒரே ரசிகருக்குச் சாக்ஸபோனையும் கிராமபோனையும் ஒரு ரிக்கார்டையும் கொடுத்துவிட்டுப் போனார். பட்டு மூட்டைக்குப் பக்கத்தில் அவை மூன்றும் காஞ்சிபுரம் வந்து இறங்கின.

வந்ததும் அவர் செய்த முதல் காரியம், ரிக்கார்டில் ஈரம் படக் கூடாதென்று அதைச் சாயக் கொப்பரையின் மூடிமேல் வைத்தது. கீழே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மறுநாள் காலையில் ரிக்கார்டு நன்றாகப் பொரிந்த அப்பளமாக இருந்தது. வேறு யாராவது என்றால் தலையில் அடித்துக்கொண்டு தூக்கிப் போட்டிருப்பார்கள். இவர் அதைக் கிராமபோனில் வைத்துச் சுற்றவிட்டார். ஊசி மேட்டில் ஏறியது, பள்ளத்தில் விழுந்தது, ஓரிடத்தில் தாவிக் குதித்து இரண்டு சுற்று தள்ளிப் போய் உட்கார்ந்தது. பாட்டு அழுதது, சிரித்தது, ஏப்பம் விட்டது. அதை அப்படியே, ஏப்பம் உட்பட, குதிப்பு உட்பட, சாக்ஸபோனில் பாடம் பண்ணினார்.

கடைக்கு நூல் எடுத்துவரப் போன நான் பட்டறை வாசலில் அதைக் கேட்டேன். எருமை ஏதோ சேற்றில் மாட்டிக்கொண்டதென்று ஆற்றுப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்தேன்.

"இன்னாண்ணே இது, ரிக்கார்டு கோணிக்கினு கெடக்குதே, தெரியலியா?" என்றேன்.

"கோணலா? கார்டு வூட்ல கேட்டப்போ சுமாராத்தாம்பா இருந்துச்சு. கொப்பரை மேல வச்ச பொறவுதான் இப்பிடிப் பழுத்துக்கினு வந்துது. நூலுக்குச் சாயம் ஏறணும்னா சூடு வேணுமா வேணாவா? பாட்டுக்கும் அதான்."

"முழுக்க முழுக்க அபஸ்வரமா இருக்குதுண்ணே."

திட்டினேன் என்றுதான் நினைத்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அபஸ்வரம்! நல்ல பேராக்குதேப்பா! ஒரு பேருக்குத்தான் நானும் அலஞ்சுக்கினு இருந்தேன்."

அடுத்த வாரம் பட்டறை வாசலில் ஒரு பலகை தொங்கியது. "அபஸ்வரம் ஜாஸ் கோஷ்டி. சகல சுபகாரியங்களுக்கும் அணுகவும்." சாயத்தாலேயே எழுதியது, எழுத்துக்கு ஒரு கலர். அதற்குப் பிறகு அவருடைய சொந்தப் பெயர் ஊருக்கு மறந்துபோனது. அபஸ்வரம் எங்கே, அபஸ்வரம் வந்தாச்சா என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். பெயர் வைத்தவன் நான். நன்றி சொல்லவாவது என்னைத் தேடி வந்திருக்க வேண்டும், வரவில்லை.

பலகை மாட்டிய அன்று கோஷ்டியில் இருந்தது அவர் ஒருவர்தான். பிறகு ஆள் சேர்க்கக் கிளம்பினார். முதலில் மாட்டியவர் சின்ன காஞ்சிபுரத்துக் கணக்கு வாத்தியார். நெற்றி நிறைய திருமண், பள்ளிக்கூடத்தில் அவர் பெயரைச் சொன்னால் பையன்களுக்குக் காய்ச்சல் வரும். வீட்டில் ஒரு ஆர்மோனியம் வைத்திருந்தார். இவர் போய்க் கூப்பிட்டதும் மனிதர் ஒரு வார்த்தை மறுக்காமல் கிளம்பி வந்துவிட்டார். எனக்குத் தாங்கவில்லை. கடைக்குப் புடவை எடுக்க வந்தவரை மடக்கிக் கேட்டேன்.

"சார், நீங்க படிச்சவங்க. அவர் ஒரு பக்கம் ஊதறார், நீங்க இன்னொரு பக்கம் வாசிக்கறீங்க. ரெண்டும் ஒட்டவே இல்லியே?"

வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "ஏம்ப்பா, வரதர் புறப்பாடு பாத்திருக்கியோ? முன்னால பிரபந்த கோஷ்டி, பின்னால வேத கோஷ்டி. அது ஒண்ணு, இது ஒண்ணு. ரெண்டும் ஒரே நேரத்துல. நடுவுல பெருமாள் ஜம்முனு எழுந்தருளறார். அவருக்கே அது சரியா இருக்கறச்சே உனக்கு என்ன கஷ்டம்?"

நான் புடவையை மடிக்கப் போய்விட்டேன். பெருமாளை இழுத்துவிட்டார்.

இரண்டாவது ஆள் தென்னேரிப் பம்பைக்காரர். அம்மன் கோயில் திருவிழாக்களில் பம்பை அடித்துச் சாமி அழைக்கிறவர். சைக்கிள் கேரியரில் பம்பையைக் கட்டிக்கொண்டு வாரத்துக்கு ஒரு முறை வந்துவிடுவார். அப்புறம் அபஸ்வரம் ஐஸ் வண்டிக்காரரிடம் மணியோடு வரச் சொல்லிக் கேட்டார். சாணை பிடிக்கிறவரைக் கேட்டார். ஒரு நாள் சவரக்கடையில் கத்தி தீட்டுகிற சத்தத்தை மெய்மறந்து கேட்டுவிட்டு அந்தக் கடைக்காரரையும் கேட்டதாகச் செய்தி வந்தது. ஊரில் சத்தம் எழுப்பத் தெரிந்த எல்லாரையும் கேட்டார், அவர்கள் யாரும் சேரவில்லை என்பது வேறு விஷயம். முதல் கிளாரினெட்டான என்னை மட்டும் கேட்கவில்லை.

கூப்பிட்டால் போய்விடுவேன் என்று நினைக்காதீர்கள். முகத்தில் அடித்தாற்போல் மாட்டேன் என்று சொல்வதற்குப் பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். "எனக்கு சுருதின்னு ஒண்ணு இருக்குதுண்ணே" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும் என்பது ஏற்பாடு. கூப்பிட்டால்தானே? கிளாரினெட் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு சாயப்பட்டறை வாசலில் காரணமில்லாமல் போவதும் வருவதுமாக இருந்தேன். ஒரு நாள் அவரே என்னை நிறுத்தினார். மாட்டேன் என்கிற பதிலை நாக்கு நுனிக்குக் கொண்டுவந்தேன்.

"இன்னாப்பா, பொட்டி கனமா இருக்குதா? வெயில்ல தூக்கிக்கினு அலையறியே. இங்க வச்சுட்டுப் போயேன்."

அன்றைக்கு ராத்திரி என் வீட்டில் மூன்று பாத்திரம் நசுங்கியது.

இதற்கிடையில் எனக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. மல்லிகா. எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்பாவின் தறி இருந்தது. தறிக்குப் பக்கத்து உத்தரத்தில் தூளி. தறிச் சத்தத்தில் அது கண்ணை மூடினால் அப்பா எழுந்து காபி குடிக்கப் போனால்தான் விழிக்கும். எங்கள் தெருவில் பிறந்த குழந்தைகள் எல்லாமே அப்படித்தான். முப்பது வீட்டில் தறி. ஒன்றின் அடி இன்னொன்றோடு ஒட்டாது. வெளியூரார் வந்தால் காதைப் பொத்திக்கொள்வார்கள். எங்கள் குழந்தைகளுக்கு அதுதான் தாலாட்டு.

வம்பு அமாவாசையில் வந்தது. அன்றைக்கு யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். தெருவே ஓய்ந்து கிடக்கும். பெரியவர்கள் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் படுப்பார்கள். குழந்தைகள் ஒன்றுகூடத் தூங்காது. வீட்டுக்கு வீடு வீல் வீல் என்று அலறல். மல்லிகாவும் அலறினாள். கையில் கிளாரினெட் இருக்கிற அப்பன் நான். தொட்டில் பாட்டாகப் பார்த்து ஒன்றை எடுத்தேன். தேன் மாதிரி வாசித்தேன். குழந்தை மூச்சைப் பிடித்து நீலமாகிவிட்டது.

"போதுங்க, வெச்சுடுங்க. புள்ள செத்துரும் போல இருக்குது" என்றாள் என் மனைவி ருக்குமணி.

அந்த நேரம் பார்த்து ஆற்றுப் பக்கமிருந்து காற்றோடு ஒரு சத்தம் வந்தது. அபஸ்வரம் கோஷ்டியின் ஒத்திகை. அமாவாசைக்கு அவர்களுக்கும் லீவு. சாக்ஸபோன் ஒரு பக்கம் இழுக்க, ஆர்மோனியம் இன்னொரு பக்கம் இழுக்க, பம்பை யாரையும் கேட்காமல் தன் வழியில் போய்க்கொண்டிருந்தது. மல்லிகா அழுகையை நிறுத்தினாள். காது கொடுத்துக் கேட்டாள். கொட்டாவி விட்டாள். தூங்கிவிட்டாள்.

ருக்குமணி என்னையும் என் கிளாரினெட்டையும் ஒரு பார்வை பார்த்தாள். அதற்கு அவள் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அடுத்த அமாவாசைக்குத் தெருப் பெண்கள் அத்தனை பேரும் கைக்குழந்தைகளோடு சாயப்பட்டறைக்குப் போய்விட்டார்கள். நூல் காயப் போடுகிற மூங்கில் கழிகளில் வரிசையாகத் தூளி கட்டித் தொங்கவிட்டார்கள். நடுவில் அபஸ்வரம் கையில் சிவப்புச் சாயத்தோடு நின்று ஊதினார். அத்தனை தூளியிலும் சத்தம் இல்லை. எங்கள் செட்டு எத்தனையோ கல்யாணம் வாசித்திருக்கிறது. இப்படி ஒரு சபை அமைந்ததே இல்லை. நாங்கள் வாசித்தால் முன்வரிசைக் குழந்தை எழுந்து காராபூந்தி கேட்டுக்கொண்டிருக்கும்.

"ஜாஸுன்னா இன்னாண்ணே?" என்று ஒரு அம்மா கேட்டாளாம்.

"ஆளுக்கு ஒரு தறி, தெரு ஒண்ணு. அவ்ளோதாம்மா" என்றாராம்.

இதை ருக்குமணி வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னாள். இரண்டு தடவை சொன்னாள். எவ்வளவு நல்லாச் சொல்றாரு பாருங்க என்று மூன்றாம் தடவை ஆரம்பித்தபோது நான் எழுந்து வெளியே போனேன்.

அப்புறம் எங்கள் முதலாளி செவிலிமேட்டில் புது வீடு கட்டினார். கிரகப்பிரவேசத்துக்குக் காலையில் எங்கள் செட்டு. சாயங்காலம் யார் என்று கேட்டேன். "அபஸ்வரத்த வரச் சொல்லிட்டேன்பா. வூட்ல ஆசைப்படறாங்க" என்றார். சிடுமூஞ்சி மனிதர். கடையில் யாராவது சிரித்தால் நூல் அறுந்துவிடும் என்பவர். இவர் முன்னால் வாசித்துத் தொலையட்டும், பலகையோடு கோஷ்டியையும் ஆற்றில் விடுவார் என்று நினைத்துக்கொண்டேன். வேடிக்கை பார்ப்பதற்கென்றே சாயங்காலம் வரை காத்திருந்தேன். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

ஆரம்பித்தார்கள். கோணல் ரிக்கார்டின் முதல் மேடு, முதல் பள்ளம். வந்தவர்கள் முகத்தில் ஈயாடவில்லை. ஒருவர் இலை போட்டாச்சா என்று பார்க்க எழுந்தார். என் மனசு குளிர ஆரம்பித்தது. அந்த நேரத்தில் பம்பைக்காரர் தன் பழக்கத்தில் அம்மனை அழைக்கிற அடியைப் போட்டுவிட்டார். அதற்கு மேலே சாக்ஸபோன் குலவை போடுகிற மாதிரி ஒரு கூச்சல் போட்டது. முதலாளியின் வலது கால் ஆடியது. அப்புறம் இடது கால். பட்டு அங்கவஸ்திரத்தை வீசிவிட்டு மனிதர் பந்தலில் குதித்தார்.

"சாமி வந்துடுச்சு! சாமி வந்துடுச்சு!" வேப்பிலை கொண்டுவந்தார்கள், கற்பூரம் கொளுத்தினார்கள். எலுமிச்சம்பழத்துக்கு ஒருவர் ஓடினார். பம்பைக்காரருக்கு இதெல்லாம் தினசரி வேலை. அடியைக் குறைக்காமலே முறைப்படி கேட்டார்.

"ஆத்தா, யாரு வந்துக்கிறது? சொல்லு! உனக்கு இன்னா வேணும்? பொங்கலா? கூழா? கெடாவா?"

முதலாளி கண்ணை உருட்டி நாக்கைக் கடித்தார். கூட்டம் நெருங்கி வந்தது. அவர் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"அதையே... இன்னொரு தபா... வாசிக்கச் சொல்லு!"

சத்தியமாகச் சொல்கிறேன், அம்மனே ஒன்ஸ்மோர் கேட்ட கோஷ்டி உலகத்தில் அது ஒன்றுதான். எங்கள் செட்டுக்கு இத்தனை வருஷத்தில் ஒரு குட்டிச் சாமிகூட வந்ததில்லை. அவர்களிடம் இருந்ததோ ஒரே ரிக்கார்டு. மறுபடி முதல் மேட்டிலிருந்து ஆரம்பித்தார்கள், ஊசி குதிக்கிற இடத்தில் மூன்று பேரும் சேர்ந்து குதித்தார்கள். கூட்டத்தில் அழாதவர் பாக்கியில்லை. நான் மட்டும் சிவப்புக் கோட்டோடு தூணில் சாய்ந்து நின்றேன்.

மறுநாள் கடையில் முதலாளியிடம் மெதுவாகக் கேட்டேன். "காலைல எங்க செட்டு எப்பிடி இருந்துச்சு முதலாளி?"

"நல்லாத்தான் இருந்துச்சு. நீங்க வாசிச்சா எனக்குக் கல்யாணப் பந்தி ஜாங்கிரி ஞாபகந்தான் வருது" என்றார்.

அதற்குப் பிறகு சுற்று வட்டாரத்தில் அவர்கள் இல்லாமல் விசேஷம் இல்லை என்றாகிவிட்டது. போகட்டும், ஊரார் வீட்டு விசேஷம்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டிருந்தேன். மல்லிகாவுக்கு ஒரு வயசு முடிந்தது. காது குத்துக்கு நாள் பார்த்தோம். எங்கள் பேண்டு மாஸ்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று கிளம்பியபோது ருக்குமணி வழியை மறித்தாள்.

"அபஸ்வரம் அண்ணங்கிட்ட சொல்லியாச்சுங்க."

"இன்னா சொல்லியாச்சு?"

"காது குத்துக்கு அவங்கதான் வாசிக்கறாங்க. அன்னிக்கு விசேஷம்னு தறியெல்லாம் நின்னுரும். புள்ள மெரண்டு கத்தும். அவங்க வாசிச்சாத்தான் அடங்கும்."

"ஏன்டி, நான் ஒருத்தன் எதுக்கு இருக்கறேன்? என் பொண்ணு காது குத்துக்கு நான் வாசிக்காம..."

"உங்க பாட்டை எல்லாரும் கேப்பாங்க. உங்க பொண்ணு கேக்கணுமே?"

என் வீட்டுப் பந்தலில், என் மகள் விசேஷத்தில், என் காசில் அந்த மனிதர். மாஸ்டர் விஷயம் கேள்விப்பட்டு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஊரில் யார் எதிரில் வந்தாலும் சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. சிலர் நிஜமாகவே சிரித்தார்கள்.

விசேஷ நாள் வந்தது. தறி எல்லாம் நின்று தெரு கம்மென்று இருந்தது. மொட்டைத் தலையில் சந்தனத்தோடு மல்லிகா என் மைத்துனன் மடியில் உட்கார்ந்து மிரள மிரள விழித்தாள். ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டார். அபஸ்வரம் ஆரம்பித்தார். ஒரு தறி, இரண்டு தறி, முப்பது தறி. குழந்தையின் கண் சொருகியது. ஆசாரி வலது காதில் சடக்கென்று ஏற்றினார். மல்லிகா லேசாகச் சிணுங்கினாள், அவ்வளவுதான். கூட்டம் ஆகா என்றது. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஆசாரி இடது காதுக்கு ஊசியை எடுத்தபோது சாக்ஸபோன் புஸ் என்றது. மறுபடி ஊதினார், மறுபடி புஸ். வெற்றிலைச் சாறு ஊறி ஊறி, ஊதுகிற முனையில் இருக்கும் ரீடு என்கிற நாணல் சீவல் இரண்டாகக் கிழிந்திருந்தது. அவர் நின்றதும் வாத்தியார் கை நின்றது, பம்பையும் நின்றது. பந்தலில் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. மல்லிகா விழித்தாள். காது வலித்தது. அப்போதுதான் அவளுக்கு நடந்தது புரிந்தது. அலறினாள் பாருங்கள், பந்தல் கால் ஆடியது. தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்துக்கொண்டாள். ஆசாரி ஊசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "தலைய ஆட்டுதே, கண்ல பட்டுட்டா யாரு பதில் சொல்றது?" என்றார். நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்சந்தான் இருந்தது. ஒற்றைக் காதோடு விடவும் முடியாது.

அபஸ்வரம் என்னைப் பார்த்தார். "உங்கிட்ட ரீடு இருக்குதாப்பா?"

"கிளாரினெட் ரீடுதாண்ணே இருக்குது. இதுக்குச் சேராது."

கிழிந்த ரீடைக் கழற்றிப் போட்டார். "அப்ப நீ வாப்பா."

அப்ப நீ வாப்பா. அவ்வளவுதான் சொன்னார். இத்தனை நாள் தயாராக வைத்திருந்த பதில் ஒன்று இருந்ததே, அது எங்கே போயிற்றோ தெரியவில்லை. உள்ளே ஓடிப் பெட்டியைத் திறந்து கிளாரினெட்டைப் பொருத்தினேன்.

ஓடி வந்து எனக்குத் தெரிந்ததில் மிக நல்ல தொட்டில் பாட்டை எடுத்தேன். மல்லிகாவின் குரல் இன்னும் ஒரு கட்டை ஏறியது. "ஐயோ, அந்தப் பாட்டை நிறுத்துங்களேன்!" என்று ருக்குமணி கத்தினாள். அபஸ்வரம் என் காதோரம் குனிந்தார்.

"பாட்ட வுடுப்பா. தறிய வாசி."

"எந்த சுரத்துலண்ணே?"

"எது கைக்கு வருதோ அது. நான் இருக்கறேன், ஊது."

சொல்வது சுலபம். பத்து வருஷம் பிசகாமல் பழக்கிய விரல். தப்பான துளையைத் திறக்கச் சொன்னால் மறுத்தது. எதிரே எங்கள் மாஸ்டர் வேறு உட்கார்ந்திருந்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டேன். கூடத்தில் அப்பா தறிப்பலகையை இழுத்து அடிக்கிற சத்தத்தை மட்டும் நினைத்துக்கொண்டு ஊதினேன். ஆடு கத்துகிற மாதிரி ஒன்று வந்தது. மாஸ்டர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டது எனக்கு அப்புறம்தான் தெரியும். அபஸ்வரம் ரீடு இல்லாத சாக்ஸபோனின் மூடிகளை விரலால் தட்டினார், டக் டக் என்று. பம்பை சேர்ந்தது. வாத்தியார் ஆர்மோனியத்தில் எங்கேயோ ஒரு மூலையில் புகுந்தார். நான் ஒரு பக்கம் போனேன், அவர்கள் ஒரு பக்கம் போனார்கள், ஆனால் யாரும் யாரையும் விட்டுப் போகவில்லை. அது எப்படி என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. என் தோளில் ஒரு கை விழுந்தது. ருக்குமணி.

"போதுங்க. குத்தியாச்சு. அவ தூங்கிட்டா."

பந்தியில் என்னைப் பக்கத்து இலையில் உட்காரவைத்தார் அபஸ்வரம். ரசம் வந்ததும் சோற்றைப் பிசைய ஆரம்பித்தார். பிறகு, "நல்லா இருந்துச்சுப்பா. ஆனா ரெண்டு எடத்துல சுருதி சேந்துபூட்டுது. அத்த மட்டும் பாத்துக்க" என்றார்.

எனக்கு அடக்க முடியவில்லை. "ஏண்ணே, ஐஸ் வண்டிக்காரர் வரைக்கும் கூப்ட்டீங்களே. என்னை ஏன் ஒரு நாள்கூடக் கூப்டல?"

பிசைந்த கை நின்றது. அன்றைக்கு அது மாம்பழ மஞ்சள்.

"உன்னக் கூப்ட்டா நீ சரியா வாசிப்பேப்பா. நீ சரியா வாசிச்சா நாங்க வாசிக்கறது தப்புன்னு ஊருக்குத் தெரிஞ்சுபூடாதா? அந்த பயந்தான்." இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கல்யாணத்துல உன் கிளாரினெட்ட கேட்டன்னு வச்சுக்கோ, அன்னிக்குப் பூரா நான் சாக்ஸபோன தொட மாட்டேன். வயிறு எரியும்பா எனக்கு."

அவருக்கு! என்மேல்! நான் பாயசம் இரண்டு முறை வாங்கிக் குடித்தேன்.

அதற்குப் பிறகு நானும் கோஷ்டியில் சேர்ந்தேன். முகூர்த்தத்துக்குச் செட்டு, அமாவாசைக்கு அபஸ்வரம். இவனைத் திருத்த முடியாதென்று மாஸ்டர் தண்ணீர் தெளித்துவிட்டார். எழுபதுகளில் சில வருஷம் அப்படியே ஓடியது. மல்லிகா தூளியை விட்டு இறங்கி, பட்டறைத் தரையில் உட்கார்ந்து கேட்கிற வயசு வரைக்கும் வாசித்தோம். பிறகு கணக்கு வாத்தியாருக்கு வெளியூர் மாற்றல் வந்தது. பம்பைக்காரருக்கு முட்டி வலி. தென்னேரியிலிருந்து சைக்கிள் மிதிக்க முடியவில்லை. நாங்கள் இரண்டு பேர் மட்டும் கொஞ்ச நாள் வாசித்தோம். கொப்பரை ஆவியை வருஷக்கணக்காகக் குடித்த நெஞ்சு அவருக்கு. மூச்சு வாங்க ஆரம்பித்தது. கடைசியில் நான் ஊத, அவர் பாயில் படுத்தபடி, "சேருது பாரு, சேருது பாரு, கலைச்சு வுடு" என்று அதட்டிக்கொண்டிருப்பார். ஒரு மார்கழியில் போய்விட்டார். அவர் கையில் அன்றைக்கு எந்தக் கலரும் இல்லை. எனக்கு அடையாளமே தெரியவில்லை.

மல்லிகாவுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் எடுக்கிற வயசு. வீட்டுக்கு வந்தால் என்னைக் கிளாரினெட் எடுக்கச் சொல்வாள். அவர் சொல்லிக்கொடுத்தபடியே, இருக்கிற மூச்சையெல்லாம் சேர்த்து, ஒரு இடத்தில்கூடச் சுருதி சேராமல் வாசிப்பேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்குதுப்பா, ஆனா அவரு மாதிரி வரல" என்பாள். எனக்கு வயிறு எரியும். எரியட்டும். அவரை நினைத்துக்கொள்ள என்னைத் தவிர இவள் ஒருத்தியும் இருக்கிறாளே.